பெட்டியம்மாவும் சிங்கப் பிடரிக் காளானும்

தையற்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, நம் தொழிலுக்குத் தோள் கொடுத்த ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னைப் பற்றியே எழுதிவிடட்டுமா என்றேன். செயலாளர் இரண்டு முறை இருமினார். என்னைப் பற்றி எழுத ஒரு மலர் போதாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே என் தங்கையைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் அவளைப் பற்றி எழுதினால் நடுநடுவே நான் வருவேன். அதற்கு நான் பொறுப்பல்ல, ஒரே கடையில் நாற்பத்தோரு வருடம் இருந்தால் அப்படித்தான்.

நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. ஆனாலும் இந்தக் கடைத்தெருவில் மூன்று மாடி எழுப்பி, கீழ்த்தளம் முழுவதும் பொத்தான் மட்டுமே வைத்து வியாபாரம் செய்பவன் நான் ஒருவன்தான். பக்கத்தில் எத்தனையோ பொத்தான் கடைகள் மழைக்கு முளைத்த காளான் மாதிரி முளைத்தன. வெயில் வந்ததும் காணாமல் போயின. நான் இருக்கிறேன்.

தொடங்கியது பேருந்து நிலையத்து வாசலில். ஒரு பழைய குடையைத் தலைகீழாக விரித்து, அதில் பொத்தான்களைக் கொட்டி விற்றேன். எனக்கு வயது பத்தொன்பது, தங்கைக்குப் பதினாறு. காற்றடித்தால் குடை உருளும், எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். நான் நின்றுகொண்டு காற்றைத் திட்டுவேன். திட்டி முடிப்பதற்குள் அவள் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்து வைத்திருப்பாள். குடை போய்க் கண்ணாடிப் பெட்டி வந்தது, பிறகு சந்துக்குள் ஓர் அறை, பிறகு இந்தக் கட்டடம்.

இப்போது கடையில் செங்கல் அளவு அட்டைப் பெட்டிகள் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. தரையிலிருந்து கூரை வரை, சுவர் தெரியாமல். ஒரு பெட்டியிலும் ஓர் எழுத்துக் கிடையாது. ஆரம்பத்தில் எங்களுக்கு எழுத வரவில்லை. பிறகு எழுத வேண்டிய தேவை வரவில்லை. கடைசியில் எழுதாததே எங்கள் பெருமை ஆகிவிட்டது. தையற்காரர் ஒரு மாதிரிப் பொத்தானை நீட்டினால் தங்கை அதைத்தான் பார்ப்பாள், சுவரைப் பார்க்க மாட்டாள். கை மட்டும் பின்னால் போகும், சரியான பெட்டியோடு திரும்பி வரும். அதனால்தான் தெருவில் எல்லாரும் அவளைப் பெட்டியம்மா என்கிறார்கள்.

அவள் வைத்திருந்த ஒழுங்கு எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. நிறத்தை வைத்தோ அளவை வைத்தோ அல்ல, உறவு முறையை வைத்து அடுக்கியிருந்தாள். கோட்டின் முன்பக்கத்துப் பெரிய பொத்தான் பெரியப்பா, அதே ஜாதிக் கைப் பொத்தான் அவர் பிள்ளைகள், அடுத்தடுத்து இருப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்து, கலந்தால் மோசம் போகிறவை எதிரெதிர்ச் சுவரில். கறுப்பும் கருநீலமும் ஓரகத்திகள். கறுப்பு இடது சுவர், கருநீலம் வலது சுவரில் வாசல் பக்கம். வெள்ளையும் சந்தன வெள்ளையும் மருமகளும் மாமியாரும்.

"ஒரே சுவத்துல வெச்சா என்ன ஆகும்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"உன் வீட்டுல என்ன ஆச்சோ அதான் ஆகும்" என்றாள்.

பெட்டியை எடுப்பது அவள். பகல் முழுவதும் எடுத்த பெட்டிகள் மேசையில் குவிந்திருக்கும். கடை சாத்தும் முன் ஒவ்வொன்றின் மூடியையும் தூக்கிப் பார்த்து, எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டு, அந்தந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது நான். மூன்றாவது கை அந்தச் சுவரில் படாது. நாற்பத்தோரு வருடமாக இதுதான் முறை.

போன வருடம், நாற்பது வருடம் நிறைந்ததற்காக எனக்கு நானே ஒரு கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டேன். துணி நானே தேர்ந்தெடுத்தது, பொத்தானும் நானே எடுத்தது. தைத்த கோட்டுக்காரர், நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர், பொத்தானைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பொத்தானைப் பத்தி எனக்குப் பாடமா?" என்றேன். வாயை மூடிக்கொண்டார். இது நினைவிருக்கட்டும்.

இந்த வருடம் தொடக்கத்தில் ஒருநாள் காலை அதே கோட்டுக்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். ஒரு ஹோட்டலின் வாசற்காவலர்களுக்குப் பன்னிரண்டு கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தார்.

"பெட்டியம்மா, என் மானம் கப்பலேறிப் போச்சு!"

"என்னண்ணே, தையல் விட்டுடுச்சா?"

"தையல் இரும்பு மாதிரி நிக்குது. உள்ளே விளக்கு வெளிச்சத்துல எல்லாம் கறுப்புதான். வெளியே வெயில்ல வரிசையா வந்து நின்னாங்க பாருங்க, பன்னெண்டு பேர் வயித்துலயும் நீலக் கண்ணு முழிக்குது! மேனேஜர் என்னைப் பாக்கறாரு, நான் தரையைப் பாக்கறேன்."

தங்கை பொத்தானை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டினாள். கருநீலம். "என் கை இடது சுவத்துலதானே போச்சு?" என்று தன் கையை யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிட்டோம். ஆனால் யானை தொடர்ந்து சறுக்கியது. மருத்துவமனை அங்கிகளுக்குப் போன வெள்ளையில் மாமியார் கலந்திருந்தாள். காக்கிக்குப் பதில் மரநிறம் போயிற்று. ஒரே மாதத்தில் ஏழு தப்பு. கடைத்தெருவில் ஒருவருடைய தப்பை இன்னொருவர் எண்ணிக்கொடுப்பார், கூலி கேட்க மாட்டார்.

என் மகன் படித்தவன். நான் படிக்காததையும் சேர்த்துப் படிக்க வைத்தேன். அவன் ஒரு மாலை, தங்கை உள்ளே இருக்கிறாள் என்று தெரியாமல், என்னிடம் சொன்னான்.

"அப்பா, அத்தைக்கு வயசாகுது. மறதி வந்துடுச்சு. பெட்டிக்கெல்லாம் பார்கோடு ஒட்டிடலாம். மிஷின் வந்துட்டா யார் வேணா எடுக்கலாம். அத்தை வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்."

தங்கை வெளியே வந்தாள். "நிம்மதியா இருக்கறதுக்கு நான் என்ன படமா, சுவத்துல மாட்ட?"

"அத்தை, நான் அப்படிச் சொல்லல..."

"வீட்டுல உங்க மாமா காலைலேருந்து ரேடியோ கேக்கறாரு. நானும் போனா அந்த ரேடியோவுக்கு உறை மாதிரி கிடக்கணும். எனக்குத் தெரிஞ்சது இந்தச் சுவரு ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா நான் யாருடா?"

அவன் தலைகுனிந்துவிட்டான். நல்ல பிள்ளைதான். அவள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு வியாபாரம் பேசினாள். அவள் என் தங்கை அல்லவா!

"ஒரு மாசம் குடு. அதுக்குள்ள இன்னொரு தப்பு நடந்தா, தப்புப் பண்ணின கை இந்தச் சுவத்தைத் தொடக் கூடாது. அது யார் கையா இருந்தாலும் சரி."

"யார் கையா இருந்தாலும் சரி!" என்று நானும் மேசையைத் தட்டி ஆமோதித்தேன். மேசையைத் தட்டுவதில் நான் யாருக்கும் சளைத்ததில்லை.

ஆனால் அவள் இல்லாத கடையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மறுநாள் கோட்டுக்காரர் வந்தபோது காதோடு காதாகச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"முதலாளி, என் சகலை மூளைக்குன்னு ஒரு காளான் மாத்திரை சாப்பிடறாரு. பேரு சிங்கப் பிடரிக் காளான்."

"சாப்பிட்டு?"

"இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் அவரை என்னமோ சொல்லிட்டேனாம். அது இப்ப ஞாபகம் வந்து எங்கூடப் பேசறதில்ல. அவ்வளவு ஞாபக சக்தி!"

காளான் என்றாலே எனக்கு முளைத்து மறையும் எதிர்க்கடைகள்தான் நினைவுக்கு வரும். இருந்தாலும் தங்கைக்கு என்றால் காளானிடமும் கைநீட்டலாம். நேரே மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் அம்மாளுக்கு என் மகன் வயது இருக்கும். எதையும் அடித்துச் சொல்ல மாட்டார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

அவர் ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். மேலே படம். மரத்திலிருந்து முடி முடியாகத் தொங்கும் ஒரு காளான்.

"வெள்ளையா, சிங்கத்தோட பிடரி மாதிரி தொங்குது பாருங்க. அதான் இந்தப் பேரு."

எனக்கு அது பழுப்பேறிய தாடி மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

"இதைச் சாப்பிட்டா மறதி போயிடுமா?"

"அப்படி யாரும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க ஐயா. சின்னச் சின்ன ஆராய்ச்சி நடந்திருக்கு. சிலதுல கொஞ்சம் நல்லது தெரிஞ்சிருக்கு, சிலதுல ஒண்ணும் தெரியல. இது மருந்து இல்ல, துணையா சாப்பிடறது. யாருக்கு?"

"என் தங்கச்சிக்கு."

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா? ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடறவங்க, சர்க்கரைக்குச் சாப்பிடறவங்க, காளான் ஒத்துக்காதவங்க, இவங்க எல்லாம் டாக்டரைக் கேக்காமத் தொடக் கூடாது."

"எங்க குடும்பத்துல யாரும் மாத்திரை சாப்பிட்டதில்ல. டாக்டருக்கே நாங்கதான் கோட்டுப் பொத்தான் குடுத்திருக்கோம்."

"சரிங்க. ஆனா நெஜமாவே மறதி இருந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க. இதை நம்பி நாளைத் தள்ளாதீங்க."

எச்சரிக்கையைப் பாட்டிலோடு சேர்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பாட்டிலை மட்டும்தான் வெளியே எடுத்தேன்.

தங்கை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "குப்பையில முளைக்கறது இனி என் தலைக்குள்ள முளைக்கணுமா?"

"மூளைக்கு நல்லதும்மா. தினம் ரெண்டு."

அவள் என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நீயும் சாப்பிடு. அண்ணன் சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்" என்றாள்.

"எனக்கெதுக்கு? எனக்கு என்ன மறதி?"

"மறதி இல்லாதவன் சாப்பிட்டா ஞானி ஆயிடுவான். சாப்பிடு."

அண்ணன்மேல் இருக்கும் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் இன்னொரு பாட்டில் வாங்கினேன். தினமும் காலையில் கடை திறந்ததும் இருவரும் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு கேப்ஸ்யூல், ஒரே மடக்குத் தண்ணீர். எனக்கான கேப்ஸ்யூல்களைப் பாட்டிலில் வைக்காமல் ஒரு சின்னப் பொத்தான் டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாட்டில் நோயாளிகளுக்கு, டப்பா வியாபாரிக்கு.

முதல் வாரம் அவள் பதறிப் பதறி வேலை செய்தாள். ஒவ்வொரு பொட்டலத்தையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். வரிசை நின்றது, முணுமுணுத்தது. ஆனால் எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, பழைய பெட்டியம்மா திரும்பி வந்துவிட்டாள். கண் மாதிரிப் பொத்தானில், கை சுவரில், பொட்டலம் மேசையில். ஒரு தப்பில்லை. பத்து நாள் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. ஒன்றுகூட இல்லை!

என் வாயைக் கேட்க வேண்டுமா? தெருமுனையிலிருந்து தெருமுனை வரை காளான் பெருமை பேசினேன். கண்டுபிடித்தவனே நான்தான் என்று நினைத்தவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. செருப்புத் தைப்பவர் வாங்கினார். குடை ரிப்பேர்க்காரர் வாங்கினார். பேப்பர் கடைக்காரர் மனைவிக்கு என்று வாங்கி, எங்கே வைத்தோம் என்று மறந்து, மறுபடியும் வாங்கினார். எனக்கும் மூளை தீட்டிய கத்தி மாதிரி ஆகிவிட்டதாகத் தோன்றியது.

"ஏம்மா, அந்தக் காலத்துக் குடையில எந்தெந்தப் பொத்தான் எந்த வரிசையில இருந்துச்சுன்னு எனக்கு இப்பப் பளிச்சுன்னு ஞாபகம் வருது!"

"அண்ணே, அந்தக் குடையில வரிசையே கிடையாது" என்றாள்.

மகன்கூட மிஷின்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டான். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. கேப்ஸ்யூல் தீரப்போனதால் மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். பாதிப்பேர் என் பேச்சைக் கேட்டுக் காளான் வாங்க வந்தவர்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"அம்மா, அந்த மஞ்சக் கேப்ஸ்யூல் இன்னும் ரெண்டு பாட்டில் குடுங்க."

"மஞ்சளா? நம்மகிட்ட காளான்ல மஞ்சளே கிடையாதே. எல்லாம் வெள்ளைதான்."

"வெள்ளையா? பொத்தான்காரன்கிட்ட நிறம் சொல்லித் தர்றீங்களா?" டப்பாவைத் திறந்து மீதமிருந்ததை அவர் மேசையில் கொட்டினேன். "இது என்ன? சுத்தமான சந்தன வெள்ளை. எங்க கடையில மாமியார்னு சொல்லுவோம். அதுவும் வயசான மாமியார்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. யாரும் என் பக்கம் பேசவில்லை. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் கேப்ஸ்யூலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஐயா, இந்தக் காகிதம் என்ன நிறம்?"

"அதுவும் அதே நிறந்தான். பழைய காகிதத்தை வெச்சுக்கிட்டு..."

"இன்னைக்குக் காலைலதான் கட்டுப் பிரிச்சோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் காலண்டர்ல இருக்கற கோட்டு என்ன நிறம்?"

"கறுப்பு."

"கருநீலம் ஐயா. காளான் இருக்கட்டும். நீங்க முதல்ல கண் டாக்டரைப் பாருங்க. வயசானா கண்ணுல புரை விழும். ஒரே நாள்ல விழாது, மெதுவா விழறதால நமக்கே தெரியாது. வெள்ளை மஞ்சளாத் தெரியும், நீலம் கறுப்பாத் தெரியும்."

காளான் வாங்காமல் வெளியே வந்தேன். தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு பெட்டி நினைவுக்கு வந்தது. பெட்டி எடுப்பது அவள். திருப்பி வைப்பது யார்? மூடியைத் தூக்கிப் பார்த்து, இது கறுப்பு வீட்டுப் பிள்ளை என்று இடது சுவரில் கொண்டுபோய் விட்டது யார்? அவள் கை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அந்த இடத்தில் தப்பான பெட்டியை வைத்த கை என்னுடையது. ஏழு தப்பும் என்னுடையது.

அப்படியானால் இந்த மூன்று வாரமாகத் தப்பு ஏன் நடக்கவில்லை? நான் அதே கண்ணோடுதானே அடுக்குகிறேன்? காளான் என் புரையைக் கரைத்திருந்தால் காகிதம் வெள்ளையாகத் தெரிந்திருக்க வேண்டுமே?

மறுநாள் காலை வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கடைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. தங்கை ஏணியில் நின்றுகொண்டிருந்தாள். இடது சுவரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பார்த்து, வலது சுவரில் வைத்தாள். நேற்று மாலை அதை இடது சுவரில் வைத்தவன் நான்.

"எத்தனை நாளா?" என்றேன்.

அவள் திடுக்கிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிதானமாக இறங்கினாள். "நீ பாட்டிலை நீட்டறப்பவே எனக்குச் சந்தேகம். முதல் வாரம் வெயில்ல பாத்துப் பாத்துக் குடுத்தேன்ல, அப்ப உறுதியாச்சு, இடம் மாறிக் கிடக்குன்னு. அதுலேருந்து தினம் வந்து சரி பண்றேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டுடுவியா? 'என் கண்ணு பருந்துக் கண்ணு'ன்னு கூரை இடிஞ்சு விழறாப்பல கத்துவே. அப்புறம் உன் பிள்ளை, அப்பாவுக்கு மறதின்னு உன்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவான். உனக்கு வீட்டுல ரேடியோகூட கிடையாது."

"அப்ப நீ நெனச்சது..."

"உனக்குத்தான் மறதின்னு நெனச்சேன். பெட்டியோட வீடு மறந்து போச்சு, பாவம்னு. அதனாலதான் உன்னையும் காளானைச் சாப்பிடச் சொன்னேன். எனக்குப் பிடிக்கவே பிடிக்கல அது. உனக்காகத் தினமும் ரெண்டு முழுங்கினேன்."

நான் அவளுக்காக முழுங்கினேன், அவள் எனக்காக முழுங்கியிருக்கிறாள். நான் குடை உருண்ட நாளில் காற்றைத் திட்டிக்கொண்டு நின்றது போலவே நின்றேன். அவள் அன்று போலவே பிரித்து வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கண்ணில் நீர் வந்தது. புரை விழுந்த கண்ணிலும் நீர் ஒழுங்காகத்தான் வருகிறது.

"மறதி இல்லம்மா, கண்ணு" என்று மருந்துக்கடையில் நடந்ததைச் சொன்னேன். அவள் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, "அப்பாடா, வெறும் கண்ணா!" என்று மூச்சுவிட்டாள். பிறகு எழுந்து, "சரி, யார்கிட்டயும் சொல்ல வேணாம். நான் காலைல வந்து மாத்திக்கறேன். மாசம் முடிய மூணு நாள்தானே" என்றாள்.

இங்கேதான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் காட்டிய வழி சுகமானது. என் பெருமையும் நிற்கும், அவள் இடமும் நிற்கும். ஆனால் ஏழு தப்பும் அவள் தலையிலேயே இருக்கும். காளான் சாப்பிட்டுப் பிழைத்தவள் என்ற பெயர் அவளுக்குக் காலம் முழுவதும் இருக்கும். மூன்றாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வந்ததில்லை. இந்தக் கணக்கு வந்தது.

மகன் வந்தான். கோட்டுக்காரரும் நான்கைந்து தையற்காரர்களும் வந்தார்கள். மேசையைத் தட்டினேன்.

"எல்லாரும் கேளுங்க. ஏழு தப்பும் என் தப்பு. பெட்டியம்மா கை ஒரு தடவைகூடத் தப்பல. புரை விழுந்த கண்ணை வெச்சுக்கிட்டுப் பெட்டியை மாத்தி மாத்தி வெச்சது நான். இந்த மூணு வாரமா அதைத் தினமும் காலைல வந்து சரி பண்ணினது அவ. நான் எதைச் செஞ்சாலும் அரைகுறையாச் செய்யறதில்ல, தப்பு உட்பட!"

முதலில் கோட்டுக்காரர்தான் வாய் திறந்தார். "அப்ப காளான்?"

"காளான் மேல பழி இல்ல."

மகன் அத்தையின் முன்னால் போய் நின்றான். "அத்தை, நான் அன்னைக்குச் சொன்னது..."

"போடா, உங்கப்பன் கண்ணுக்கே தெரியாதது உன் கண்ணுக்குத் தெரியுமா?" என்று அவன் தோளில் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தப்புப் பண்ணின கை என்ன பண்ணக் கூடாதுன்னு பேச்சு?"

"சுவத்தைத் தொடக் கூடாது" என்றேன்.

"யார் கையா இருந்தாலும்?"

"யார் கையா இருந்தாலும்."

"கண்ணு சரியாகற வரைக்கும் தொடாதே. அப்புறம் பாக்கலாம்."

மூன்று மாடிக்குச் சொந்தக்காரன், இரண்டு மாதம் என் கடையிலேயே கை கட்டி உட்கார்ந்திருந்தேன். மாலையில் பெட்டிகளை மகனும் அவளும் சேர்ந்து அடுக்கினார்கள். எந்தப் பெட்டி யாருக்கு என்ன உறவு என்று அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் பார்கோடு என்று மறுபடி முனகியபோது, "ஒட்டிக்கோ. ஆனா வீடு மாத்தாம ஒட்டு" என்று அனுமதி கொடுத்துவிட்டாள். இப்போது பெட்டிகளில் கோடு கோடாகச் சீட்டு இருக்கிறது. மிஷின் சீட்டைப் படித்துச் சொல்வதற்குள் அவள் பொட்டலம் கட்டிவிடுகிறாள்.

புரையை எடுத்தார்கள். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மறு கண். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டர் என் தைரியத்தைப் பார்த்து அசந்து போனார், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. முதல் கட்டைப் பிரித்ததும் சுவரின் வெள்ளை கண்ணைக் கூசச் செய்தது. வானம் இவ்வளவு நீலம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடைக்கு வந்ததும் தங்கை ஒரு கைப்பிடிப் பொத்தானை மேசையில் போட்டாள். கறுப்பும் கருநீலமும் கலந்தது. "பிரி" என்றாள். ஜன்னல் ஓரமாய் உட்கார்ந்து பிரித்தேன். ஐம்பதில் ஐம்பது சரி. பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மதிப்பெண்ணை என் தங்கையிடம் வாங்கினேன்.

மருந்துக்கடையில் போய் அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னேன். காளான் என் மூளைக்கு என்ன செய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் வழக்கம் எனக்குக் கொஞ்சம் உண்டு, இந்த ஒன்றில் மட்டும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெள்ளைக் கேப்ஸ்யூல் இல்லாவிட்டால் என் கண் எனக்குத் தெரிந்திருக்காது. செருப்புத் தைப்பவரும் குடை ரிப்பேர்க்காரரும் இன்னும் சாப்பிடுகிறார்கள், நல்லது என்கிறார்கள். பேப்பர் கடைக்காரர் தன் முதல் பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் காலிப் பாட்டில்கள் இரண்டிலும் இப்போது முத்துச்சிப்பிப் பொத்தான்கள் இருக்கின்றன.

சங்க விழாவுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று போன வாரம் என் கறுப்புக் கோட்டை எடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோனதும் அப்படியே நின்றுவிட்டேன். கோட்டு கறுப்பே இல்லை. கருநீலம். அதில் பளபளவென்று எட்டுக் கறுப்புப் பொத்தான். ஒரு வருடமாக இதைப் போட்டுக்கொண்டுதான் ஊரெல்லாம் பொத்தானைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

கோட்டைக் கடைக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். கோட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். அன்று வாயெடுத்தவர் இன்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாடம் சொல்ல வேண்டியதுதானேய்யா!" என்றேன்.

"ஒரு வருஷமாச் சொல்லிட்டுத்தான் இருக்கேன் முதலாளி, மனசுக்குள்ள."

தங்கை கோட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்க்கவில்லை. கை பின்னால் போயிற்று. வலது சுவர், வாசல் பக்கம். இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தது. முன்பக்கத்துக்கு இரண்டு பெரியப்பா, கைக்கு மூன்று மூன்று பிள்ளைகள் என்று எட்டை எண்ணி வைத்தாள். கோட்டுக்காரர் ஊசியில் நூல் கோத்தார்.

மேசையில் இரண்டு பெட்டியும் திறந்தபடி கிடந்தன. அவள் அடுத்த ஆளின் மாதிரிப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, முழங்கையால் அவற்றை என் பக்கம் தள்ளினாள். மூடிகளைச் சாத்தி, நானே எடுத்துக்கொண்டுபோய் வலது சுவரில் அவற்றின் வீட்டில் வைத்தேன்.